பிள்ளை பேரில் போட்ட பணம்: வெளிநாட்டுப் பெற்றோரும் வருமான வரியும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பங்களில் பிள்ளை பேரில் பணம் போட்டுவைப்பது பழைய வழக்கம். காதுகுத்தில் வந்த மொய், தாத்தா நிலம் விற்றதில் கொடுத்த பங்கு, அப்பா துபாயிலிருந்து அனுப்பியதில் மிஞ்சியது என்று சேர்ந்த தொகை ஒரு நாள் அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ கீரனூரிலோ ஒரு வங்கிக் கிளையில் டெபாசிட் ஆகிறது. ரசீதில் பிள்ளையின் பெயர் இருக்கும். காப்பாளர் என்ற இடத்தில் அம்மா அல்லது அப்பாவின் கையெழுத்து இருக்கும். அதன்பின் அதை யாரும் தொடுவதில்லை, அது பாட்டுக்கு வட்டி சேர்ந்து வளர்கிறது. அந்த வட்டி யாருடைய வருமானம், அதற்கு யார் வரி கட்ட வேண்டும் என்ற கேள்வி எழுவது, வங்கி வட்டியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது தெரியவரும் நாளில்தான்.

பெற்றோர் இருவரும் ஊரிலேயே இருந்தால் விடை ஓரளவு எளிது. இந்த மாவட்டத்தில் நிலைமை அப்படியில்லை. மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரை ஊர்களிலும் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் வட்டாரத்திலும் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அப்பா மட்டும் அங்கே, அம்மாவும் பிள்ளைகளும் இங்கே என்பது ஒரு வகைக் குடும்பம். இருவருமே அங்கே வேலை பார்க்க, பிள்ளை தாத்தா பாட்டியிடம் வளர்வது இன்னொரு வகை. குடும்பமே சிங்கப்பூரில் இருந்து, பிள்ளை பேரில் போட்ட பணம் மட்டும் பொன்னமராவதியில் இருப்பதும் உண்டு. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையைப் பள்ளிப்படிப்புக்காக அம்மா ஊருக்குக் கூட்டிவந்துவிட, அப்பா அங்கேயே தங்கிவிடுவது நான்காவது வகை. இத்தனைக்கும் சேர்த்துச் சட்டத்தில் இருப்பது ஒரே ஒரு பிரிவு. அது நியாயமான நோக்கத்தோடு எழுதப்பட்டது. ஆனால் பெற்றோரும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கடல் கடந்த சம்பாத்தியமும் ஊரில் வளரும் பிள்ளையும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. ராயவரம், ராமச்சந்திரபுரம், நச்சாந்துபட்டி, பனையப்பட்டி, குழிபிறை ஆகிய நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தார்கள். ஆச்சியும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். பெண்களின் சீர்ப்பணம் தொழிலிலேயே வட்டிக்குக் கிடந்து வளர்ந்தது. அன்றைய புதுக்கோட்டை, தொண்டைமான்களின் தனிச் சமஸ்தானம். 1948 மார்ச் 3ஆம் தேதி இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உட்பட்ட நிலம் அல்ல, பிரிட்டிஷ் இந்திய வருமான வரிச் சட்டத்துக்கும் அது வெளியிடம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் காரைக்குடி, இந்தப் பக்கம் ராயவரம். இரண்டுக்கும் இடையே வரிச்சட்டமே வேறாக இருந்த காலம் அது.

அந்தக் காலத்து வழக்கு ஒன்று இன்றும் வரி வழக்கறிஞர்களின் பாடத்தில் இருக்கிறது. கொழும்பில் மனைவி மக்களோடு வாழ்ந்து வணிகம் செய்துவந்த சுப்பையா செட்டியார் என்பவருக்குத் தமிழ்நாட்டில் வீடும் நிலமும் இருந்தன. ஓர் ஆண்டில் அவர் இந்தியாவில் தங்கியது 101 நாள். அவருடைய கூட்டுக் குடும்பம் எந்த நாட்டில் வசிப்பதாகக் கொள்வது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. குடும்ப விவகாரங்களின் நிர்வாகம் முழுக்க முழுக்க வெளிநாட்டிலேயே நடந்தது என்று காட்ட முடியாததால், அந்தக் குடும்பம் இங்கே வசிப்பதாகவே நீதிமன்றம் முடிவு செய்தது. ஆள் எங்கே இருக்கிறார் என்பதும், பணத்தை யார் எங்கிருந்து ஆள்கிறார் என்பதும் வரிக்கணக்கில் தனித்தனிக் கேள்விகள் என்பதை அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. இன்றைய வளைகுடாக் குடும்பங்களுக்கும் அது பொருந்தும்.

பிள்ளையின் வருமானத்தைப் பெற்றோர் கணக்கில் சேர்க்கும் விதி 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 1937இல் நுழைந்தது. மனைவியையும் மைனர் பிள்ளையையும் பெயரளவில் பங்குதாரர்களாகக் காட்டி வருமானத்தைக் கூறுபோட்டு வரியைக் குறைத்துக்கொண்டவர்களைத் தடுப்பதே அதன் நோக்கம். அது அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று தொடரப்பட்ட பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961இல் விதியைச் செல்லும் என்றது. ஆனால் அந்தக் காலத்து விதிக்கு ஓர் எல்லை இருந்தது. பெற்றோர் கொடுத்த சொத்திலிருந்தோ, கூட்டு வணிகத்திலிருந்தோ வந்த வருமானத்தைத்தான் அது பிடித்தது. தாத்தா கொடுத்தது பிள்ளையுடையதாகவே நின்றது.

அந்த எல்லை 1992இல் அழிந்தது. 1991இல் அமைக்கப்பட்ட வரிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவர், தமிழரான பொருளியல் அறிஞர் ராஜா செல்லையா. அந்தக் குழுவின் பரிந்துரையை ஒட்டி அன்றைய நிதி அமைச்சர் மன்மோகன் சிங் தம் நிதிநிலை அறிக்கையில், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 64(1ஏ) என்ற உட்பிரிவைக் கொண்டுவந்தார். அதன்படி, பணம் யார் கொடுத்ததாக இருந்தாலும் மைனர் பிள்ளைக்கு வரும் எல்லா வருமானமும் பெற்றோரில் ஒருவரின் வருமானத்தோடு சேரும். பாட்டி எழுதிவைத்த சொத்தும் மாமன் செய்த சீரும் அப்பாவின் பணமும் அதற்கு ஒன்றே. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் இதைத் தன் 99ஆம் பிரிவில் அப்படியே தொடர்கிறது.

விலக்குகள் சில உண்டு. பிள்ளை தன் உடலுழைப்பாலோ, பாட்டு, நடிப்பு, விளையாட்டு போன்ற திறமையாலோ சம்பாதித்தால் அது பிள்ளையுடையதே. ஆனால் பரிசாக வந்த பணத்தை வங்கியில் போட்டால் அந்த வட்டி பெற்றோர் கணக்குக்குப் போய்விடும். சட்டம் குறிப்பிடும் அளவுக்கு மாற்றுத்திறன் உள்ள பிள்ளையின் வருமானம் சேர்க்கப்படாது. மணமுறிவு ஆன குடும்பத்தில், பிள்ளையை வளர்ப்பவர் கணக்கில் சேரும். பெற்றோர் இருவருமே இல்லாத பிள்ளைக்கு இந்தப் பிரிவே பொருந்தாது. அதன் வருமானம் அதற்கே உரியது, காப்பாளர் அதன் சார்பில் கணக்குக் காட்டுவார். தாத்தா, பாட்டி, சித்தப்பா ஆகியோர் பிள்ளையை வளர்த்தாலும் அவர்கள் கணக்கில் இந்த வருமானம் சேரவே சேராது. ஊரில் பல பெரியவர்கள் பேரப்பிள்ளையின் வட்டியைத் தங்கள் ரிட்டர்னில் காட்டிவருவது தேவையற்ற வேலை.

மொய்யைப் பற்றியும் ஒரு சொல். கீரமங்கலம், வடகாடு பக்கத்து மொய் விருந்துகளால் இந்த மாவட்டம் பெயர் பெற்றது. காதுகுத்து மொய்யைப் பிள்ளை பேரில் போடுபவர்கள் அறிய வேண்டியது இது: திருமணப் பரிசுக்கு முழு வரிவிலக்கு உண்டு, காதுகுத்துக்கு அது கிடையாது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மாமன், அத்தை, சித்தப்பா போன்ற சட்டம் வரையறுத்த உறவினர் கொடுத்தது எவ்வளவானாலும் வரி இல்லை. மற்றவர்கள் கொடுத்தது ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் வருமானமாகிவிடும். பிள்ளைக்குக் கொடுத்ததென்றால் அதுவும் பெற்றோர் கணக்கில்தான் சேரும்.

இனி மையமான கேள்விக்கு வருவோம். பெற்றோரில் யார் கணக்கில் சேர்ப்பது? இருவரில் யாருடைய மொத்த வருமானம் அதிகமோ அவர் கணக்கில் என்கிறது சட்டம். துபாயில் மாதம் ஒன்றரை லட்சம் சம்பாதிக்கும் அப்பாவா, அறந்தாங்கியில் இரண்டு கடை வாடகையை வைத்துக் குடும்பம் நடத்தும் அம்மாவா என்று கேட்டால் அப்பாதான் என்றுதான் பலரும் சொல்வார்கள். சட்டத்தின் விடை அதுவல்ல. மொத்த வருமானம் என்பது இந்தியச் சட்டப்படி கணக்கிடப்படும் வருமானம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு இந்தியாவில் விளைந்த அல்லது இந்தியாவில் பெற்ற வருமானம் மட்டுமே அதில் வரும், துபாய்ச் சம்பளம் வராது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை அனுப்பிச் சேர்க்கும் அவருடைய என்.ஆர்.இ. கணக்கு வட்டிக்கும் வரிவிலக்கு இருப்பதால் அதுவும் வராது. அப்படியானால் அவருடைய மொத்த வருமானம் இந்தியக் கணக்கில் பூஜ்யம். ஆண்டுக்கு லட்ச ரூபாய் வாடகை வாங்கும் அம்மாதான் அதிக வருமானக்காரர். பிள்ளையின் வட்டி அவர் கணக்கில்தான் சேர வேண்டும்.

இது வெறும் ஏட்டுச் சுவாரசியம் அல்ல, பணம் சம்பந்தப்பட்டது. உள்நாட்டில் வசிப்பவருக்கு இப்போதைய புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கமான வருமானத்துக்குத் தள்ளுபடியால் வரியே இல்லை. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. அவருக்கு 4 லட்சம் வரைதான் வரி இல்லை. மேற்கொண்டு, பிள்ளை பேரிலுள்ள மியூச்சுவல் ஃபண்டையோ பங்கையோ விற்று லாபம் வந்தால், வேறு வருமானம் குறைவாக உள்ள உள்நாட்டுத் தாய் அந்த லாபத்தைத் தம் அடிப்படை வரம்பில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுத் தந்தைக்கு அந்த வசதியும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளை பேரில் 20 லட்சம் டெபாசிட், 7 சதவீதம் வட்டி என்றால் ஆண்டுக்கு 1,40,000 ரூபாய். அம்மாவுக்குக் கடை வாடகை ஆண்டுக்கு 1,80,000. அதில் பராமரிப்புக்காகச் சட்டம் தரும் 30 சதவீதம் கழித்தால் 1,26,000. இரண்டும் சேர்ந்து 2,66,000. வரி ஏதும் இல்லை. இதே கடைகள் அப்பா பேரில் இருந்து, வாடகை ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவு போக அவருடைய இந்திய வருமானம் 4,20,000. அவர்தான் அதிக வருமானக்காரர் ஆகிறார், பிள்ளையின் வட்டியும் சேர்ந்து 5,60,000. புதிய வரிமுறையில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட 1,60,000க்கு 5 சதவீதம், அதன்மேல் 4 சதவீத மேல்வரி, மொத்தம் 8,320 ரூபாய். இதே வருமானமுள்ள உள்ளூர்க்காரர் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. அதோடு அந்தக் கடையின் வாடகைதாரர் ஒவ்வொரு மாதமும் வாடகையிலிருந்து 31.2 சதவீதம் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர். அறந்தாங்கியில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

தந்தையின் நிலை ஆண்டுக்கு ஆண்டு மாறவும் கூடும். வேலைக்காக வெளிநாடு சென்ற இந்தியக் குடிமகன் விடுப்பில் வந்து ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் வெளிநாட்டில் வசிப்பவராகவே இருப்பார். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு 120 நாள் என்ற கடுமையான எல்லை 2020 முதல் உண்டு. இரண்டு மாத விடுப்பில் வரும் தொழிலாளிக்கு இதில் கவலையில்லை. வேலை போய் ஜூலையிலோ ஆகஸ்டிலோ திரும்பி வந்தவர் நிலை வேறு. அந்த ஆண்டு அவர் உள்நாட்டில் வசிப்பவர் ஆகிவிடலாம், ஏப்ரலிலிருந்து அங்கே வாங்கிய சம்பளமும் கணக்குக்குள் வந்துவிடலாம். அப்போது பெற்றோரில் யார் அதிக வருமானக்காரர் என்ற விடையும் மாறும். ஆனால் ஒருமுறை ஒருவர் கணக்கில் சேர்த்துவிட்டால், அதிகாரி விசாரித்துத் திருப்தி அடைந்தாலொழிய அடுத்தவர் கணக்குக்கு மாற்றக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே முதல் ஆண்டிலேயே சரியானவர் பேரில் காட்டுவது முக்கியம்.

சட்டம் இப்படி இருக்க, வங்கிக் கிளையில் நடப்பது வேறு. பிள்ளை ஊரில் வளர்கிறது, எனவே அது உள்நாட்டில் வசிப்பது. அதன் டெபாசிட்டும் சாதாரண உள்நாட்டு டெபாசிட்டாகவே இருக்க வேண்டும். வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். காப்பாளராகக் கையெழுத்திட்ட அப்பா வெளிநாட்டில் வசிப்பவர் (என்.ஆர்.ஐ.) என்பதால் பிள்ளையின் கணக்கையும், அத்தகையவர்களுக்கான உள்நாட்டு ரூபாய்க் கணக்கான என்.ஆர்.ஓ. ஆக்கிவிட்டால் பிடித்தம் 31.2 சதவீதம். மேலே சொன்ன 1,40,000 வட்டியில் முதல் வகையில் 14,000 போகும், மூன்றாம் வகையில் 43,680 போகும். கடைசியில் கட்ட வேண்டிய வரியோ பூஜ்யம். ரீஃபண்ட் வாங்கிக்கொள்ளலாம் என்பது சரிதான். ஆனால் பிடித்தம் பிள்ளையின் பான் எண்ணில் பதிந்திருக்கும், வருமானமோ அம்மாவின் ரிட்டர்னில் இருக்கும். இரண்டும் பொருந்தாமல் ரீஃபண்ட் நின்றுபோகும். இதற்கும் விதிகளில் வழி உண்டு. இந்த வருமானம் இன்னார் கணக்கில் வரிக்கு உட்படுகிறது என்று வங்கிக்கு ஓர் உறுதிமொழி கொடுத்தால், வங்கி அந்தப் பிடித்தத்தை அம்மாவின் பான் எண்ணிலேயே பதிய வேண்டும். கேட்டால் தர வேண்டிய வசதி இது. கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு, கேட்டால் புரிந்துகொள்ளும் கிளைகளும் குறைவு.

காப்பாளர் யார் என்பதிலேயே ஒரு நெடிய போராட்டம் நடந்திருக்கிறது. 1984இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மைனர் மகன் பேரில் ரிசர்வ் வங்கியின் நிவாரணப் பத்திரங்களை வாங்க விண்ணப்பித்தார். காப்பாளராக அவர் கையெழுத்திட முடியாது, தந்தை கையெழுத்திட வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையை முதல் காப்பாளர் என்றும், அவருக்குப் பின் தாய் என்றும் சொன்னதே காரணம். 1999இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்களுக்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள் கொள்ளத் தேவையில்லை என்றது. தந்தை பிள்ளையின் பொறுப்பைக் கவனிக்கும் நிலையில் இல்லாதபோதும் தாயே இயற்கைக் காப்பாளர் என்று தீர்ப்பளித்தது. கணவன் கடலுக்கு அப்பால் இருக்க, வீட்டின் சகல பொறுப்பையும் சுமக்கும் பெண்களுக்கு இந்தத் தீர்ப்பைப் போல் பயன்பட்டது வேறில்லை. ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையும் தாயைக் காப்பாளராக வைத்து மைனர் கணக்குத் தொடங்கலாம் என்பதை உறுதி செய்கிறது. தந்தை வெளிநாட்டில் இருக்கும் குடும்பம், ஊரில் இருக்கும் தாயையே காப்பாளராகப் போடுவதுதான் எல்லா வகையிலும் நல்லது. மேலே சொன்ன என்.ஆர்.ஓ. குழப்பத்துக்கு அப்போது இடமே இராது.

தாத்தா பாட்டிக்கு இந்த உரிமை இல்லை. நீதிமன்றம் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி நியமித்தால்தான் அவர்கள் சட்டக் காப்பாளர் ஆவார்கள். தபால் நிலையங்களில் நெடுநாள் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. 2015இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் பேத்திகளுக்காகத் தாத்தாக்களும் பாட்டிகளும் கணக்குத் தொடங்கினார்கள். 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. இத்தகைய கணக்குகளின் காப்பாளர் பொறுப்பைப் பெற்றோருக்கோ சட்டக் காப்பாளருக்கோ மாற்ற வேண்டும் என்பது அதன் கட்டளை. பெற்றோர் இருவரும் மலேசியாவில் இருக்கும் பிள்ளைக்கு இது சிக்கல். கையெழுத்துக்காக அவர்கள் விடுப்பில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆனாலும் வரியைப் பொறுத்தவரை செல்வமகளுக்கு இணையான திட்டம் இல்லை. ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை போடலாம், வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை. வரியில்லாத வருமானத்தைப் பெற்றோர் கணக்கில் சேர்க்கும் பேச்சும் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு, தமிழ்நாட்டுத் தபால் நிலையங்களில் பொன்மகன் என்ற பெயரில் அறிமுகமான பொது வைப்பு நிதி உண்டு. நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: செல்வமகள் கணக்கு, இந்தியாவில் வசிக்கும் பெண் குழந்தைக்கு மட்டுமே. அவள் அப்பா அம்மாவோடு சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தால் தகவல் சொல்லிக் கணக்கை முடித்துவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், நிலை மாறிய நாளுக்குப் பிந்தைய வட்டி கிடைக்காது.

வங்கி டெபாசிட்டை விட்டால், வளர்ச்சி வகை மியூச்சுவல் ஃபண்டும் இந்தக் குடும்பங்களுக்கு ஏற்றது. விற்கும் வரை அதில் வருமானமே தோன்றாது. பதினெட்டு நிறைந்த பிறகு விற்றால் லாபம் பிள்ளையின் சொந்தக் கணக்கில் வரும், பெற்றோர் கணக்குக்குப் போகாது. நகையும் அப்படித்தான், ஆண்டு வருமானம் தராததால் விற்கும் நாள் வரை வரிப்பேச்சு இல்லை. சேமிப்பென்றால் நகைதான் என்று பெண்கள் பிடிவாதமாக இருந்ததில் இப்படியும் ஒரு நன்மை.

அதிகம் பேசப்படாத சிக்கல், படிப்புக்காக ஊர் திரும்பும் பிள்ளைகளுடையது. ஷார்ஜாவிலோ கோலாலம்பூரிலோ இருந்தபோது அந்தப் பிள்ளை பேரில் என்.ஆர்.இ. டெபாசிட் போட்டிருப்பார்கள். வட்டிக்கு வரி இல்லை என்று நிம்மதியாக இருப்பார்கள். அந்த விலக்கு, அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவருக்கு மட்டும். எப்போது திரும்பப் போவோம் என்ற முடிவில்லாமல் பிள்ளை இங்கே குடிவந்துவிட்டால், அந்தச் சட்டத்தின் கண்ணில் அது இங்கே வசிப்பதாகிவிடுகிறது. டெபாசிட்டை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும், வட்டி வரிக்கு உட்படும். அப்பா இன்னும் ஷார்ஜாவில் இருக்கிறார் என்பது பிள்ளையின் நிலையைக் காப்பாற்றாது. இங்கே ஒரே வீட்டில் அப்பாவின் டெபாசிட்டுக்கு விலக்கு உண்டு, பிள்ளையின் டெபாசிட்டுக்கு இல்லை. பிள்ளை பேரில் சிங்கப்பூர் வங்கியிலேயே பணம் இருந்து, அதன் வட்டி ஊரிலிருக்கும் அம்மாவின் கணக்கில் சேருமானால் சிக்கல் இன்னும் பெரிது. உள்நாட்டில் வசிப்பவருக்கு உலகின் எந்த மூலையில் வந்த வருமானமும் வரிக்கு உட்பட்டது, வெளிநாட்டுக் கணக்கின் விவரத்தையும் ரிட்டர்னில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் பாயும். இப்படிப்பட்ட குடும்பம் ஆடிட்டரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

குடும்பமே வெளிநாட்டில் இருக்க, பிள்ளை பேரிலுள்ள பணம் மட்டும் இங்கே இருந்தால் அது என்.ஆர்.ஓ. கணக்காக இருக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் ஆகிய நாடுகளோடு இந்தியாவுக்கு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. அந்த நாட்டு வசிப்பிடச் சான்றிதழைக் காட்டினால் வட்டி மீதான வரி, சிங்கப்பூருக்கு 15, அமீரகத்துக்கு 12.5, மலேசியாவுக்கு 10 சதவீதமாகக் குறையும். சான்றிதழ் வாங்கும் அலைச்சலை நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். தொகை பெரிதென்றால் விடக்கூடாது.

பிற நாடுகளும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. பிரிட்டனில் பெற்றோர் கொடுத்த பணத்தில் பிள்ளைக்கு ஆண்டுக்கு 100 பவுண்டுக்கு மேல் வருமானம் வந்தால் அது பெற்றோர் கணக்கில் சேரும். தாத்தா பாட்டி கொடுத்தது பிள்ளையுடையதாகவே இருக்கும். நம் நாட்டில் 1992க்கு முன் இருந்த நியாயம் அது. அமெரிக்காவில் 1986 முதல், ஓர் அளவுக்கு மேல் பிள்ளைக்கு வரும் முதலீட்டு வருமானத்துக்குப் பெற்றோரின் வரி விகிதம் பொருந்துகிறது. அந்த அளவு விலைவாசிக்கேற்ப உயர்ந்துகொண்டே வந்து 2025இல் 2,700 டாலரைத் தொட்டது. ஆஸ்திரேலியா 416 டாலருக்கு மேல் பிள்ளைகளின் முதலீட்டு வருமானத்துக்கு மிகக் கடுமையான விகிதம் போடுகிறது. பிரிட்டனில் வேலை செய்யும் தந்தை புதுக்கோட்டையில் வளரும் மகள் பேரில் பணம் போட்டால், அதே வட்டி அங்கே அவர் கணக்கிலும் இங்கே மனைவி கணக்கிலும் விழக்கூடும். ஒரே ஆள் இரு நாட்டிலும் கட்டினால் ஒப்பந்தப்படி கழிவு கேட்கலாம். இருவர் பேரில் விழுந்த வரிக்குக் கழிவு வாங்குவது எளிதல்ல.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஒன்று. வெளிநாட்டில் விபத்தில் இறந்துபோகும் தொழிலாளியின் குடும்பத்துக்கு இழப்பீடு வருகிறது. குடியேற்ற அனுமதி பெற்றுச் சென்ற தொழிலாளியென்றால் பிரவாசி பாரதிய பீமா திட்டத்தின் 10 லட்சம் ரூபாய்க் காப்பீடும் உண்டு. பிள்ளையின் பங்கு, பெரும்பாலும் மேஜர் ஆகும்வரை எடுக்க முடியாதபடி வங்கியில் போடப்படுகிறது. தந்தையின் உயிருக்கு ஈடாக வந்த அந்தப் பணத்தின் வட்டியையும், வரியைத் தவிர்க்கப் பிள்ளை பேரில் ஒளித்துவைத்த பணத்தின் வட்டியையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கிறது. விதவைத் தாய் ஆசிரியையாகவோ செவிலியராகவோ வேலை பார்த்தால், அவர் கையால் தொட முடியாத வட்டி அவர் வருமானமாகிவிடுகிறது. வருமான வரியோடு இது நிற்காது. குடும்ப வருமானத்தைக் கேட்கும் கல்வி உதவித்தொகைப் படிவம், வங்கிக் கடன் விண்ணப்பம் எல்லாவற்றிலும் அந்த ரிட்டர்ன்தான் பேசும்.

வருமானத்தைப் பெற்றோரோடு சேர்க்கும் கொள்கையை நான் எதிர்க்கவில்லை. அது இல்லாவிட்டால் பணக்காரர்கள் பிள்ளைக்கொரு கணக்கு வைத்து வரியை ஏமாற்றுவார்கள் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. ஆனால் சின்னத் தொகைக்குத் தரும் விலக்கைப் பாருங்கள். பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய். 1992ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் தனிநபருக்கான வரியில்லா வரம்பு 28,000 ரூபாய். இன்று அது 4 லட்சம், பதினான்கு மடங்குக்கும் மேல். அதே வேகத்தில் உயர்ந்திருந்தால் பிள்ளைக்கான விலக்கு இன்று 21,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். 1,500 அப்படியே நிற்கிறது. அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவருக்கு மட்டும்தான், இப்போது எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட புதிய வரிமுறையில் இல்லை. ஆறு பத்தாண்டுகளுக்குப் பிறகு முழுச் சட்டத்தையும் திருத்தி எழுதியபோது இதைத் தொடாமல் விட்டது பெரிய குறை.

மத்திய நிதி அமைச்சகம் செய்ய வேண்டியவை இரண்டு. 1,500 ரூபாயை உயர்த்தி, இரு வரிமுறைக்கும் பொதுவாக்க வேண்டும். பெற்றோரின் மரணத்துக்கு ஈடாக வந்து பிள்ளை பேரில் கட்டிவைக்கப்பட்ட தொகையின் வட்டியை, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் வருமானத்தைப் போலவே பெற்றோர் கணக்கில் சேர்க்காமல் விலக்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் ஜனவரி 12ஆம் தேதி அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறது. அயலகத் தமிழர் நலவாரியம் அந்த விழாவோடு நின்றுவிடாமல், அறந்தாங்கியிலும் கோட்டைப்பட்டினத்திலும் வங்கி அதிகாரிகளையும் ஆடிட்டர்களையும் உட்காரவைத்து ஆண்டுக்கு ஒருமுறை முகாம் நடத்தினால் ஆயிரக்கணக்கான தாய்மார்களுக்குப் பயன்படும்.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு. அடுத்த விடுப்பில் அப்பா ஊருக்கு வந்ததும், பிள்ளை பேரிலுள்ள எல்லாக் கணக்குகளின் பாஸ்புக்குகளையும் எடுத்துக்கொண்டு அம்மாவும் அப்பாவும் ஒன்றாக வங்கிக்கும் தபால் நிலையத்துக்கும் போய்வாருங்கள். காப்பாளராக ஊரில் இருப்பவர் பெயர் இருக்கிறதா, பிள்ளை இங்கே வசிப்பதாகப் பதிவாகியிருக்கிறதா, பிள்ளைக்குப் பான் எண் கொடுத்திருக்கிறதா, பிடித்தம் யாருடைய எண்ணில் பதிகிறது என்று கேளுங்கள். கேட்டதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.